கொடுத்ததற்குச் சிறை

செத்தவீட்டுச் சாமான் எதுவும் எங்கள் வாசற்படி தாண்டக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். மொன்றியலுக்கு வந்து கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு மூன்றாம் மாடியில் குடியேறிய பிறகும் அது தளரவில்லை.

அப்படிப்பட்ட அம்மாவிடம்தான் எதிர்வீட்டு அன்ரி ஒரு சிவப்புக் கம்பளிப் போர்வையை நீட்டினார். மேற்கே சமவெளியில் பிறந்த கிறீ பழங்குடிப் பெண் அவர். அம்மாவோடு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தார். அன்ரியின் தகப்பன் இறந்து ஒரு வருடமாகியிருந்தது. அவர்கள் வழக்கப்படி, வீட்டிலுள்ள நல்ல பொருட்களைப் பிறருக்குக் கொடுத்தால்தான் துக்கம் முடியும். வாங்க ஆள் வேண்டும்.

"செத்தவீட்டுச் சாமான் நாங்கள் எடுக்கிறேல்லை. வேண்டாமெண்டு மரியாதையாச் சொல்லு பிள்ளை," என்றார் அம்மா.

வீட்டில் ஆங்கில இலாகா ஒன்பது வயதான என் கையில் இருந்தது. மரியாதையை விட்டுவிட்டு, மிச்சத்தை வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டேன். அன்ரியின் முகம் வாடிப்போனது. ஆனாலும் நீட்டிய கையை மடக்காமல் தன் பாட்டனின் கதையைச் சொன்னார்.

பாட்டன் அவர்களுடைய தலைவர். இப்படிக் கொடுக்கும் சடங்கை அந்தக் காலத்தில் அரசாங்கம் தடைசெய்திருந்தது. அவர் சண்டைக்கும் போகவில்லை, ஒளிக்கவும் இல்லை. பட்டப்பகலில் ஊரைக் கூட்டிவைத்துக் கொடுத்தார். பிடிக்க வந்த பொலிஸ்காரன் குளிரில் நடுங்க, அவனுக்கும் ஒரு போர்வை கொடுத்தாராம். அவன் அதைப் போர்த்துக்கொண்டே அவரைச் சிறைக்குக் கூட்டிப்போனானாம். விடுதலையாகி வந்து மறுபடியும் கொடுத்தார். மறுபடியும் சிறை.

எனக்குச் சிரிப்பு வந்தது. களவெடுத்தால் பிடிப்பார்கள், கொடுத்தாலுமா பிடிப்பார்கள்? சிரித்துக்கொண்டே அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

அம்மா சிரிக்கவில்லை. "செத்த ஆக்களுக்குச் செய்யிறதுக்கும் தடையோ?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன்.

அம்மா இரண்டு கையாலும் போர்வையை வாங்கினார். அதைப் போர்த்துக்கொண்டு, வாசலிலேயே அன்ரியின் தோளில் சாய்ந்து அழுதார். கம்பளி குத்துகிறதாக்கும் என்று நினைத்தேன்.

முந்தின வருடம்தான் ஊரில் அம்மாவின் தகப்பன், என் அம்மப்பா, செத்திருந்தார். போரில் பாதை பூட்டு, ஊரடங்கு. அம்மாவால் போக முடியவில்லை. முப்பத்தோராம் நாள் சடங்குக்கு ஒருவருக்கும் ஒருபிடி சோறு போடவில்லையென்று சொல்லிச் சொல்லி ஆறாமலிருந்தார்.

அடுத்த ஞாயிறு அம்மா விடியவே குளித்து, மரக்கறிச் சாப்பாடு சமைத்து அன்ரியைக் கூப்பிட்டார். சாப்பிட்டு முடிய, நான் பெரியவளானதும் எனக்கென்று சொல்லிவைத்த பச்சைப் பட்டுச்சேலையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அன்ரி ஒரு வார்த்தை மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

ஒரு பழைய போர்வைக்குப் பதிலாகப் பட்டுச்சேலையா என்று நான் கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கிவைத்திருந்தேன். அந்த ஞாயிறு முழுவதும் அம்மப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்ததைப் பார்த்தேன்தான். ஏனென்று கேட்கத் தோன்றவில்லை.