பாவாவின் கம்பளிக் கால்சட்டை

யுத்தம் முடிந்த பிறகும் துணிக்குக் கன்ட்ரோல் போகவில்லை. என் அக்காள் புருஷனை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு இருந்த ஒரே வேட்டியும் கந்தலாகிவிட்டது. ரேஷன் கார்டைத் தூக்கிக்கொண்டு மூன்று முறை நடந்தும் கடையில் வேட்டி இல்லை. நெசவாளர் ஊரான அம்மையார்குப்பத்திலேயே தறிக்கு நூல் இல்லை என்றார்கள். கடைசியில் நான்தான் சென்னைக்குப் போய், பட்டாளத்தில் கழித்துப்போட்ட கம்பளிக் கால்சட்டை ஒன்றை வாங்கி வந்தேன். எந்த மலைநாட்டுக் குளிருக்குத் தைத்ததோ! அதைத் திருத்தணி வெயிலில் மாட்டச் சொன்ன புத்திசாலி நான்.

எங்கள் இருவருக்கும் மலையடிவாரத்தில் ரோட்டுக்கு ஜல்லி உடைக்கும் வேலை. வேட்டி கட்டியவன் முட்டிக்கு மேலே மடித்துக் கட்டிக்கொள்வான். காலில் காற்றுப் பட்டாலே உடம்பு முழுக்க ஆறிவிடும். பாவாவுக்கு அந்த வழி அடைபட்டுப் போனது. நாலாம் நாள், அக்கினி நட்சத்திரத்து உச்சிவெயிலில், பொறுக்க முடியாமல் கால்சட்டையை முட்டிவரை சுருட்டிவிட்டார். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

அப்போது பார்த்து ஓவர்சியர் வந்தார். பெரியவர்கள் எதிரே வந்தால் மடித்த வேட்டியை இறக்கிவிடுவது எங்கள் வழக்கம். கால்சட்டைக்கும் அதே மரியாதைதான் என்று நினைத்தேன். வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு.

“எறக்கி வுடுங்க பாவா, ஓவர்சியர் வந்துகினு கீறாரு.”

“எறக்கிட்டேன், போதுமாடா?” என்று சிரித்தார்.

ஓவர்சியர் குடை பிடித்தபடி நெடுநேரம் அங்கேயே நின்றார். பாவா மறுபடி சுருட்டவில்லை. அவருக்கு வியர்ப்பது நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை. சம்மட்டியோடு சரிந்தார்.

மர நிழலுக்குத் தூக்கிப்போய்த் தலையில் தண்ணீர் கொட்டினோம், முகத்துக்கு விசிறினோம். பெண்கள் கூடிவிட்டார்களே என்று அவர் கால்மேல் ஒரு சாக்கையும் போட்டு மூடினேன். ஆள் அனுப்பி அழைத்த ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வந்து சாக்கை வீசிவிட்டுக் கம்பளிக் கால்சட்டையைக் கத்தரித்தார். தொட்டுப் பார்த்தேன். கால் அடுப்புக்கல்லாகக் கொதித்தது.

“தலைக்குத் தண்ணி ஊத்திகினு கால மூட்டை கட்டி வச்சிருக்கீங்களே! சூடு எப்டிங்க வெளிய போவும்?” என்றார் கம்பவுண்டர்.

பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. என்னை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் முடியாது.

“கடைசியா எதுனா சொன்னாராடா?” என்று அக்காள் கேட்டாள். அந்தப் ‘போதுமாடா’வை மறைத்து, அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். இருந்தவரை அவள் அதைக் கேட்காத வருஷம் இல்லை. நானும் பதிலை மாற்றவில்லை. இப்போது கேட்க அவளும் இல்லை.