எஸ்தர் பள்ளிக்கூடத்துக் கீரை

காலை ஐந்தே முக்காலுக்கு மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை பஸ் புறப்பட்டது. நானும் என் மகள் ரேவதியும் ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது இருக்கையில் இருந்தோம். எண்பதுகளின் கடைசி, கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை. எனக்கு ஐந்து ரூபாய் டிக்கெட், ஒன்பது வயது ரேவதிக்கு அரை டிக்கெட். பழைய சிநேகிதியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கணவரிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் ஒரு பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் கிளம்பியிருந்தேன்.

அந்தப் பொய்க்குச் சொந்தக்காரி எஸ்தர். ஆசிரியப் பயிற்சியில் என்னோடு இரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். நான் வகுப்பில் முதலாவதாக வந்தேன். அவள் உணவும் உடல்நலமும் பாடத்தை இரண்டாம் முறை எழுதித்தான் தேறினாள். அதுவும் நான் சொல்லிக்கொடுத்து. இப்போது நான் மதுரைப் பள்ளிகளுக்கெல்லாம் போய், பிள்ளைகள் என்ன சாப்பிட வேண்டும் என்று படம் மாட்டிப் பேசுகிறவள். அவள் திருச்சுழிக்கு அப்பால் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் டீச்சர். போன மாதம் ஆசிரியர்கள் கூட்டம் ஒன்றில், எஸ்தர் பள்ளியில் ஒரு பிள்ளைகூடத் தட்டில் கீரையை மிச்சம் வைப்பதில்லை என்று மேடையிலேயே சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வயிறு எரிந்தது.

ஏன் எரிந்தது என்றால், ரேவதி எதையும் சாப்பிடமாட்டாள். கொண்டுபோன டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும். தயிர்சாதம் நாலு வாய், பிஸ்கட் இரண்டு, அவ்வளவுதான் அவள் ஒரு நாள் சாப்பாடு. ரத்தம் ரொம்பக் குறைவு, கீரையும் பயறும் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டு, "உங்களுக்கு நான் சொல்லணுமா டீச்சர்?" என்று சிரித்தார். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். சத்துணவு பற்றிப் பேசுகிறவள் பிள்ளை சவலை என்று அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

காரியாபட்டி தாண்டியதும் சாலையின் இருபக்கமும் சீமைக்கருவேலம். ஐப்பசியில் பெய்த மழையில் கண்மாய்களில் கணுக்கால் அளவு தண்ணீர் கிடந்தது. ஏழேகாலுக்கு அருப்புக்கோட்டை. பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் தறிகள் அப்போதே ஓட ஆரம்பித்துவிட்டன. பேசுகிறவர்கள் சத்தத்துக்கு மேல் சத்தம் போட்டுப் பேசினார்கள். ஓர் ஓட்டலில் இட்லி வாங்கி ரேவதி முன் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். சட்னியைத் தொட்டாள். இட்லியின் ஓரத்தைக் கிள்ளினாள். நான் இலையையும் வாயையும் மாறிமாறிப் பார்த்தபடி இருந்தேன். "போதும்மா" என்றாள். மிச்சத்தை நான் தின்றேன், கோபத்தோடு.

எட்டு மணிக்குத் திருச்சுழி பஸ். பதினைந்து கிலோமீட்டர் இருக்கும், டிக்கெட் ஒன்றரை ரூபாய். அங்கே இறங்கி வீரசோழன் போகும் பஸ்ஸில் ஏறினோம். இடையில் இறங்க வேண்டிய ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எஸ்தருக்குக் கிடைத்த பேர் ஏற்கெனவே போதும்.

ஊரைச் சொன்னதும் கண்டக்டர் கேட்டார். "கீரை டீச்சரப் பாக்கவா போறீக?"

"அவங்க பேரு எஸ்தர்."

"பேரெல்லாம் யாருக்கும்மா தெரியும். எம் மகளும் அங்கதான் படிக்கிது. அவுக ஒரு நாளு லீவு போட்டாகன்னா வீட்ல வந்து மொகத்தத் தொங்கப்போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கும்."

மதுரையில் எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுக்காரருக்கு என்னைத் தெரியாது. டிக்கெட்டை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு வெளியே பார்த்தேன். கரிசல் காட்டில் மிளகாயும் கம்பும் ஆள் முழங்கால் உயரத்துக்கு நின்றன. பெண்கள் வரிசையாகக் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார்கள்.

வருகிறேன் என்று கார்டு போட்டிருந்தேன்; எஸ்தர் நிறுத்தத்திலேயே நின்றாள். கொஞ்சம் பருத்திருந்தாள், குரல் அப்படியே இருந்தது.

"வந்துட்டியாடி பாக்கியம். வேவு பாக்கத்தான வந்த?"

"ஒன்னப் பாக்கத்தாண்டி."

"பொய் சொன்னா ஒன் மூக்கு வெடைக்கும். இன்னும் மாறல பாரு." ரேவதியைக் குனிந்து பார்த்தாள். ஒல்லியாக இருக்கிறாளே என்று சொல்வாள், நான் பதிலடி கொடுக்கலாம் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ரேவதியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ரேவதி பள்ளிக்குச் சனிக்கிழமை விடுமுறை. இங்கே மழைக்கு விட்ட விடுமுறையை ஈடுகட்டும் வேலைநாள். அந்தச் சீமையில் மழைக்கு விடுமுறை விட்டார்கள் என்பதே எனக்கு அதிசயமாக இருந்தது. ஓட்டுக் கட்டடம், இரண்டு வேப்பமரம், சத்துணவுக் கொட்டகை. கொட்டகைச் சுவரில் சாக்கட்டியால் பெரிதாக எழுதியிருந்தது: "இன்று மாரியம்மாள் கீரை."

"அது என்னடி மாரியம்மாள் கீரை? நான் படிச்ச புத்தகத்துல இல்லையே?" என்றேன்.

எஸ்தர் விளக்கினாள். மழை பெய்தால் காட்டில் பயிரைவிடக் களைதான் முந்தும். அதில் பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, தொய்யக்கீரை எல்லாம் உண்டு. களை பறிக்கப் போகும் அம்மாக்கள் மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். அதில் ஒரு பங்கை ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை பள்ளிக்குக் கொண்டுவரும், கொட்டகையில் ஆக்குவார்கள். மழையில்லாத மாதத்தில் முருங்கை. யார் கொண்டுவந்ததோ, அன்றைக்கு அது அவர்கள் கீரை. அந்தப் பிள்ளைதான் பரிமாறும். சாப்பிடுகிறவர்கள் என்ன குறை வேண்டுமானாலும் சொல்லலாம். மிச்சம் மட்டும் வைக்கக் கூடாது. அந்தக் கீரை எந்தக் காட்டில் முளைத்தது, கண்ணுக்கா ரத்தத்துக்கா என்பதெல்லாம் சாப்பிட்ட பிறகுதான் பாடம்.

"சாப்பிடறதுக்கு முன்னாடியே சொல்லணும்டி. அப்பத்தான் ஆர்வம் வரும்" என்றேன். படிப்பில் முதலாவதாக வந்தவள் அல்லவா.

"மொதல்ல அப்படித்தான் சொன்னேன். மருந்து குடிக்கிற மாதிரி மூஞ்சிய வச்சுக்கிருச்சுக" என்றாள்.

பன்னிரண்டு மணிக்குச் சின்ன வகுப்புகள் சாப்பிட்டன. நான் சும்மா இருக்கவில்லை. கை கழுவும் இடத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். வேலிக்கு அடியில் பார்த்தேன். எங்காவது ஒரு பிடி கீரை கொட்டிக் கிடக்காதா என்று, என் பிள்ளையின் தொலைந்த கம்மலைத் தேடுகிற மாதிரி தேடினேன். அங்கே ஒரு வெள்ளாடு மட்டும் நின்றது. அதற்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

பன்னிரண்டரைக்குப் பெரிய வகுப்புகள். எஸ்தர் ரேவதிக்கும் ஒரு தட்டைக் கொடுத்து வரிசையில் உட்காரவைத்தாள். சோறு, சாம்பார். பின்னாலேயே கீரைச் சட்டியோடு மாரியம்மாள் வந்தாள். நான்காம் வகுப்பு, இரட்டைச் சடை, பெரிய ஆள் மாதிரி பாவாடையைத் தூக்கிச் செருகியிருந்தாள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு கரண்டி வைத்து, அந்த முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போனாள். ரேவதியிடம் வந்ததும் கரண்டியை நீட்டினாள்.

என் வாய் சும்மா இருந்ததா? "அவளுக்கு வைக்காத கண்ணு, அவ கீரை திங்கமாட்டா" என்றேன்.

பழக்கத்தில் வந்துவிட்டது. கல்யாண வீட்டிலும் விருந்து வீட்டிலும் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த வரிசை முழுக்கக் கை நின்றது. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள், பிறகு மாரியம்மாளைப் பார்த்தார்கள். அவள் கரண்டி அந்தரத்தில் நின்றது; முகம் சுண்டிப்போனது. கீரை வேண்டாம் என்று நான் சொன்னது, அங்கே மாரியம்மாள் வேண்டாம் என்று சொன்னதாக ஆயிற்று. அவள் அம்மா காட்டில் குனிந்து பறித்தது வேண்டாம் என்று.

ரேவதி தட்டைத் தூக்கி நீட்டினாள். மாரியம்மாள் வைத்தாள். ரேவதி பிசைந்து ஒரு வாய் வைத்தாள், மென்றாள், விழுங்கினாள். பக்கத்தில் இருந்த பையன், "எப்படி இருக்கு, சொல்லு" என்றான்.

"உப்பு கம்மி" என்றாள் என் மகள்.

வரிசையே சிரித்தது. மாரியம்மாளும் சிரித்தாள். "திங்கக்கெழம வேலுச்சாமி கீரை. அவன் உப்ப அள்ளிப் போடச் சொல்லுவான், வாரியா?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு கரண்டி வைத்தாள். ரேவதி அதையும் தின்றாள். தட்டை வழித்தாள்.

ஒன்பது வருஷம். எத்தனை பருப்புக்கீரை மசியல், எத்தனை கீரை வடை, எத்தனை நிலாக் கதை. யாரோ ஒரு சிறுமி களைக்கீரையை வைத்தாள், என் பிள்ளை தட்டை வழிக்கிறாள். துள்ளிக் குதிக்க வேண்டிய இடத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது. எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் எஸ்தர் வந்தாள். "ஒம் பிள்ள தின்னதுக்கு நீ ஏண்டி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"பொறாமையா இருக்குடி." சொல்லிவிட்டேன். "ஒங்கிட்ட திங்கிறா, எங்கிட்ட திங்கமாட்டேங்கிறா. என்னால தாங்க முடியல."

அவள் இரக்கப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்தாள். "நீ மொத மார்க்கு வாங்குன அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. எங்கம்மா கேட்டதுக்குக் காய்ச்சல்னு பொய் சொன்னேன். இப்பத்தான் ஆறுச்சு." பிறகு, "எம் மகன் மட்டும் நான் ஆக்குனதத் திங்கிறான்னு நெனைக்கிறியா? பக்கத்து வீட்ல போயி தின்னுட்டு வாரான். அங்க வைக்கிற கொழம்பு ரசம் மாதிரி இருக்கும், அதத்தான் ருசின்றான்" என்றாள்.

ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனாலும் முழுதாக இல்லை. வாசலில் ஓடிக்கொண்டிருந்த அவள் மகன் குண்டாக இருந்தான்.

நான்கு மணிக்கு வீரசோழனிலிருந்து திரும்பும் பஸ் வந்தது. எஸ்தர் முருங்கைக்கீரை போட்ட கேப்பை ரொட்டியைச் சூடாகத் தூக்கில் வைத்துக் கொடுத்தாள். "டவுனுக்குப் போறதுக்குள்ள பசிக்கும்." ஏறியதும் ரேவதி மாரியம்மாளுக்குக் கை காட்டினாள். பள்ளியின் ஓடு மறையும்வரை பின்னாலேயே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

திருச்சுழியில் மாறி, ஆறு மணிக்கு அருப்புக்கோட்டையில் மதுரை பஸ் பிடித்தோம். எங்கள் வீட்டிலிருந்து காய்கறிச் சந்தை நடக்கும் தூரம். கீரைக்காரி காலையில் வாசலுக்கே வருவாள். இந்தக் காட்டில் வருஷத்தில் இரண்டு மாதம்தான் பச்சை. அந்த இரண்டு மாதத்தையும் இந்தப் பிள்ளைகள் விடாமல் தின்றுவிடுகிறார்கள். என் வீட்டில் வருஷம் பூராவும் வாடி, குப்பைக்குப் போகிறது. இதை நினைக்க நினைக்க மறுபடியும் ஆற்றாமை வந்தது.

"அங்க மட்டும் எப்படிடீ தின்ன?" என்று கேட்டேன். குரலை எவ்வளவோ அடக்கித்தான் கேட்டேன்.

ரேவதி யோசித்தாள். "அங்க யாரும் என் வாயையே பாத்துக்கிட்டு ஒக்காரலம்மா."

"நான் பாக்குறேனா?"

"நீ பாத்தா தொண்டைய அடைக்குது."

இதை டாக்டர் சொல்லவில்லை. எஸ்தரும் சொல்லவில்லை. நான் மாட்டும் எந்தப் படத்திலும் இல்லை. சீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் தூக்கை வைத்து மூடியைத் திறந்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே இருட்டிவிட்டது, பார்க்க ஒன்றுமில்லை. காரியாபட்டியில் யாரோ ஏறினார்கள், யாரோ இறங்கினார்கள். வெகுநேரம் கழித்து ரொட்டி பிய்க்கும் சத்தம் கேட்டது. பிறகு மெல்லும் சத்தம். எத்தனை வாய் என்று எண்ணத் துடித்தது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். கழுத்து வலித்தது. மதுரை வரும்வரை நான் திரும்பவே இல்லை.