நான் குடிக்காத தண்ணீர்

நான் பொய் சொன்னேன். குடிக்கக் கூடாத கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று சொன்னேன். கைக்குழந்தைக்கு அதிலே பால்மா கரைத்துக் கொடுக்கலாமா என்று ஒரு தாய் எழுந்து கேட்டாள். ஊர் முழுவதும் பார்த்திருக்க, ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, கொடுக்கலாம் என்றேன்.

தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்துதான் சொன்னேன்! அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு அந்த மண்டபத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் எவரும் இல்லை.

நான் இந்தக் குடாநாட்டில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் நீர் வேதியியல் கற்பிக்கிறவன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். என் பெயரும் வேண்டாம்... பார்த்தீர்களா, வாக்குமூலம் என்று தொடங்கி ஒரு பக்கம் முடியவில்லை, அதற்குள் ஒளிந்துகொள்ள இடம் தேடுகிறேன். சீ!

எங்களை ஆளுகிற சபைக்குப் பேரவை என்று பெயர். உள்ளே படிப்பிக்கிறவர்கள் கொஞ்சப் பேர், வெளியிலிருந்து நியமிக்கப்படும் பெரிய மனிதர்கள் கொஞ்சப் பேர். அந்தப் பெரிய மனிதர்களில் ஒருவரை எல்லோரும் சேர்மன் என்றே அழைப்போம். வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் அடிக்கிற மருந்தையும் திரவ உரத்தையும் கலந்து போத்தலில் அடைக்கும் தொழிற்சாலை அவருடையது. அளவெட்டிப் பக்கம் ஒரு தோட்டக் கிராமத்தின் ஓரத்தில் இருக்கிறது. எந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்து உதவுவது என்று தீர்மானிக்கிற குழுவிலும் அவர் இருந்தார். யார் பேராசிரியர் ஆவது என்று கடைசியில் கையெழுத்திடுகிற சபையிலும் இருந்தார். ஒரே மனிதர்! இது சரியில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தேநீர் இடைவேளையில் குசுகுசுத்துக்கொள்வோம். கூட்டத்துக்குள் போனால் வாயில் கொழுக்கட்டை.

ஒருமுறை எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஒரு கருவி வாங்கிக் கொடுத்தார். நல்ல கருவிதான். அது வந்திறங்கிய நாளில் வாசலில் நிறைகுடம் வைத்தோம், குத்துவிளக்கு ஏற்றினோம், மேளம் நாதஸ்வரம் பிடித்தோம். கருவிக்கும் மாலை போட்டோம், ஐயா, கருவிக்கு! சேர்மனுக்குப் பொன்னாடை போர்த்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். போர்த்திவிட்டுக் குனிந்து கும்பிட்டேன். அந்தப் படம் இப்போதும் எங்கள் தாழ்வாரத்தில் தொங்குகிறது. அதைக் கடந்துதான் தினமும் வகுப்புக்குப் போகிறேன்.

பிறகு அந்தக் கிராமத்திலிருந்து ஒரு முறைப்பாடு வந்தது. கிணற்றுத் தண்ணீர் ஒரு மாதிரி மணக்கிறது, தொழிற்சாலையின் பின்புறக் குழியில் கழிவை ஊற்றுகிறார்கள், யாராவது வந்து பாருங்கள் என்று. ஓர் ஆய்வு செய்யத் தீர்மானித்தார்கள். அதற்குப் பண உதவி தர முன்வந்தது யார்? சேர்மனின் நிறுவனமே! விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. உங்களுக்கோ உதவுபவருக்கோ இந்த ஆய்வின் முடிவால் நன்மை தீமை உண்டா? உண்டு, இல்லை என்று இரண்டு பெட்டிகள். நான் 'இல்லை' என்ற பெட்டிக்குள் சரி போட்டேன். ஒரு விநாடிகூடப் பேனா நிற்கவில்லை.

தொழிற்சாலையின் பின்மதிலை ஒட்டிய முதல் வீட்டு வளவு தர்சினியுடையது. தோட்டக்காரக் குடும்பம். கணவன் ரூபன் புகையிலையும் வெங்காயமும் பயிர் செய்கிறவன். நான் முதலில் போனது ஆடி மாதக் கோடையில். அவள் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. கிணற்றில் நீர் நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. போத்தலில் மாதிரி எடுத்து மூடியபோதே, அந்த மணத்திலிருந்து, கழிவு கலந்திருப்பது எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் நிலத்துக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். இங்கே ஊற்றுவது அங்கே போய்ச் சேர நெடுநாள் எடுக்காது.

"சேர், இருங்கோ, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்" என்றாள்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவன் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் எழும்ப முடியுமா? எப்படி மறுப்பது? "இண்டைக்கு வெள்ளிக்கிழமை, பிள்ளை. நான் விரதம், தேத்தண்ணியும் எடுக்கிறேல்லை" என்றேன்.

அவள் உடனே கணவனைக் கூப்பிட்டாள். "இஞ்சேருங்கோ, சேர் விரதமாம். ஒரு இளநி வெட்டிக் குடுங்கோ." அவன் ஏறி வெட்டித் தந்தான். நான் குடித்தேன்.

அடுத்த முறை செவ்வாய் விரதம் என்றேன். மறுபடியும் இளநீர். மூன்றாம் முறை போனபோது குழந்தை பிறந்திருந்தது. தேத்தண்ணி என்றதும் விரதம் என்று வாயில் வந்துவிட்டது. அவள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டியபடி சிரித்தாள்.

"இண்டைக்குப் புதன்கிழமையெல்லோ சேர்? உங்களைப் போலை பக்திமானை நான் காணேல்லை."

நானும் சிரித்தேன். வாழ்க்கையில் ஒரு நாளாவது ஒழுங்காக விரதம் பிடித்திராத நான்!

கோடை மாதிரிகளின் முடிவு வந்தது. அளவுக்கு மிஞ்சிய நைட்ரேட்; உரத்தில் இருப்பது, கைக்குழந்தையின் இரத்தத்தில் பிராணவாயுவைத் தடுத்து உடலை நீலமாக்குவது. பெரியவர்களே குடிக்கக் கூடாத தண்ணீர், குழந்தைகளுக்கு வாயில் படவே கூடாத தண்ணீர். அதைக் காட்டிக் கொடுத்தது எது தெரியுமா? மாலை போட்டு வரவேற்றோமே, அதே கருவி. அதற்குப் பொன்னாடை போர்த்தத் தெரியாது, பொய்யும் சொல்லத் தெரியாது. இரண்டுக்கும் நான் இருந்தேன்.

சேர்மன் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். அதட்டவில்லை, மிரட்டவில்லை. தட்டில் ரோல்ஸும் வாழைப்பழமும் வைத்து உபசரித்தார். "தம்பி, உம்மடை பேராசிரியர் விசயம் மாசியிலை பேரவைக்கு வருதாம். நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். ரோல்ஸ் ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டு, "கோடைத் தண்ணியை வைச்சு ஊரைக் குழப்பாதையும். மாரியிலை ஒருக்கால் எடுத்துப் பாருமன். தண்ணி தெளிஞ்சிருக்கும்" என்றார்.

அவ்வளவுதான். அந்த இரண்டு பேச்சுக்கும் இடையில் ஒரு ரோல்ஸ் மட்டுமே இருந்தது. நான் அதை எடுத்துத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது... அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

கார்த்திகை அடைமழையில் போய் மறுபடி மாதிரி எடுத்தேன். கிணறு வாய்வரை நிரம்பிக் கிடந்தது. அத்தனை மழைநீரும் கலந்த பிறகு எதைத்தான் காண முடியும்? நீர் வேதியியலில் முதல் வருடப் பிள்ளைக்கும் தெரிந்த விடயம் இது. அந்த மாதிரிகளை மட்டும் அறிக்கையில் சேர்த்தேன். கோடை மாதிரிகள் கொண்டுவரும் வழியில் பழுதாகிவிட்டன என்று ஒரு வரி எழுதினேன். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. யார் கேட்பது? அறிக்கையை வாசித்து ஏற்றுக்கொண்ட குழுவிலும் அவரல்லவா இருந்தார்!

தை மாதம் ஊர்ச் சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்து முடிவை வாசித்தோம். மேடையில் எங்களுக்கு முன்னால் ஆளுக்கொரு கடைத் தண்ணீர்ப் போத்தல். எங்கள் யாருக்கும் கூச்சமாக இருக்கவில்லை. பின்வரிசையில் தர்சினி பிள்ளையோடு எழுந்தாள்.

"சேர், எனக்குப் பால் காணாது. இந்தத் தண்ணியிலை பால்மா கரைச்சு இவளுக்குக் குடுக்கலாமோ?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். அந்த ஒரு நிமிடத்தில் நான் மனிதனாக இருந்திருக்கலாம்.

"ஓம், தாராளமாய்க் குடுங்கோ" என்றேன்.

மாசியில் நான் பேராசிரியர் ஆனேன்.

பங்குனியில், கிணறு வற்றத் தொடங்கியபோது, அந்தக் குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரித்தன. மூச்சு விடக் கஷ்டப்பட்டதாம். வைத்தியசாலையில் வைத்தியர் கேட்ட முதல் கேள்வியே என்ன தண்ணீரில் பால் கரைக்கிறீர்கள் என்பதுதான். கிணற்றுத் தண்ணீர்தான், ஆனால் கம்பசிலிருந்து வந்து சோதித்து நல்லது என்று சொல்லிவிட்டார்கள் என்று அவள் பதில் சொல்லியிருக்கிறாள். அவர் அதை நம்பி வேறு வேறு காரணங்களைத் தேடினார். அவரில் என்ன பிழை? பேராசிரியராகிவிட்ட ஒருவர் கையெழுத்துப் போட்ட அறிக்கை! வைத்தியசாலை விடுதியில் சில நாட்களில் குழந்தை தேறியது. வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மறுபடி நீலம்.

அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? முடியாது என்று எனக்குள் இருக்கும் விஞ்ஞானி இன்னமும் வாதாடுகிறான். அவனை நினைத்தால் காறித் துப்ப வேண்டும் போல் இருக்கிறது. உறுதியாகச் சொல்வதற்கு இருந்த தரவை வெட்டி எறிந்தவனே அவன்தானே!

ஆய்வுகூட உதவியாளர் சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியவந்தது. சித்திரையில் ஒருநாள் அந்த வீட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன்? மன்னிப்புக் கேட்கவா? குழந்தை உயிரோடு இருக்கிறது என்று கண்ணால் பார்த்து நிம்மதி தேடவா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

குழந்தை பாயில் குப்புறக் கிடந்து என்னைப் பார்த்தது. மெலிந்திருந்தது, ஆனால் உதடு சிவந்திருந்தது. தர்சினி ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்த் தேத்தண்ணியோடு வந்தாள்.

"இண்டைக்கும் விரதமோ சேர்?"

"இல்லைப் பிள்ளை" என்றேன். வாங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் குடித்தேன். இதுதான் தண்டனை, இதோடு கொஞ்சமாவது கழிந்துவிடும் என்று நினைத்தேன். எவ்வளவு மலிவான நினைப்பு!

அவள் கோப்பையை வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"பயப்பிடாதேங்கோ. அது கோயில் கிணத்துத் தண்ணி. இவர் நாளும் விடியக் காலமை நாலு கட்டை தூரம் போய்ப் பிளாஸ்ரிக் கானிலை கொண்டுவாறவர். நாங்கள் எங்கடை கிணத்தை விட்டிட்டம்."

நான் பாயில் கிடந்த குழந்தையைப் பார்த்தேன்.

"உங்கடை விரதத்திலை எனக்கு அப்பவே ஒரு ஐமிச்சம் சேர். அதாலைதான் அண்டைக்குக் கூட்டத்திலை எழும்பிக் கேட்டனான். படிச்ச மனுசன், பச்சைப்பிள்ளை விசயத்திலை பொய் சொல்ல மாட்டார் எண்டு நினைச்சன். பிள்ளை ஆசுப்பத்திரியிலை சுகமாய் இருந்திட்டு வீட்டை வந்தோடனை திருப்பி நீலிச்சவுடனைதான் எனக்கு விளங்கினது."

அவள் கத்தியிருக்கலாம். செருப்பைக் கழற்றியிருக்கலாம். நான் அதற்குத் தயாராகவே இருந்தேன். ஆனால் அவள் கேட்டது வேறு.

"அடுத்த வளவிலை ஒரு பிள்ளை மாசமாய் இருக்கிறா. உந்தத் தண்ணி வேண்டாம் எண்டு தலைப்பாடாய் அடிச்சுச் சொல்லுறன். அந்த வீட்டிலை உங்கடை அறிக்கையைக் காட்டி என்னைப் பாத்துச் சிரிக்கினம். கம்பஸை விட உனக்குத் தெரியுமோ எண்டு கேக்கினம். நீங்கள் ஒரு வரி எழுதித் தாங்கோ சேர். கையெழுத்து வைச்சு. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

ஒரு வரி! எழுதினால் அறிக்கை பொய்யாகும். அறிக்கை பொய்யானால் பதவி போகும், பெயர் போகும், தாழ்வாரத்துப் படத்தைப் பார்த்து மாணவர்கள் சிரிப்பார்கள். இவ்வளவையும் அந்தக் குழந்தைக்கு முன்னால் நின்றுகொண்டே யோசித்தேன்.

"பாப்பம், பிள்ளை" என்றேன்.

அவள் வாசல்வரை வந்து என்னை வழியனுப்பவில்லை.

அதன் பிறகு எத்தனையோ நாள் அந்த வரியை எழுத உட்கார்ந்தேன். தேதி போடுவேன், கிராமத்தின் பெயரை எழுதுவேன், கையெழுத்து வைக்கும் இடம் வரும்போது கிழித்துப் போடுவேன். இப்போது உங்களுக்கு இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். எழுத எழுத ஒரு சுகம்கூட இருந்தது... அருவருப்பான சுகம். நிறுவனத்தின் பெயர் இல்லாமல், என் பெயர் இல்லாமல், எவருக்கும் உதவாமல் ஒரு வாக்குமூலம்! அவள் கேட்ட அந்த ஒரு வரி மட்டும் இதில் இல்லை.

சேர்மன் இன்னமும் பேரவையில் இருக்கிறார். எதிர்ப்பட்டால் எழுந்து நிற்கிறேன்.

அடுத்த வளவுப் பெண்ணுக்குப் போன வாரம் குழந்தை பிறந்துவிட்டதாம். ஆண் குழந்தை. அவளுக்குப் பால் காணுமா என்று நான் இன்னும் விசாரிக்கவில்லை.