சுவருக்கு அந்தப் பக்கம் சுட்ட அடை

திண்டிவனத்தில் எங்களுக்கு வீடு கிடைத்ததே ஒரு பொய்யால்தான். ஐம்பதுகளின் கடைசி அது. அண்ணனுக்கு அங்கே ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை, எனக்கு ஆரம்பப் பள்ளியில் டீச்சர் வேலை. அண்ணனுக்குக் கல்யாணமான புதுசு. அண்ணிக்கு என் வயதுதான். அவளும் எங்களைப் போலவே கோலியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். கேப்பைக் கூழும் களியும், வரப்பில் பறித்த கீரையும், வயலில் பிடித்த நண்டும், சந்தையில் வாங்கிய கருவாடும் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

வீட்டுக்கார அம்மா கேட்ட முதல் கேள்வி, "நீங்க சைவந்தானே?" என்பது.

"பரம்பரையா சைவம்ங்க" என்றான் அண்ணன்.

அன்று காலையில் தின்ற கருவாட்டு வாசனை அவன் கையை விட்டே போயிருக்காது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நான் நேரில் பார்த்தது அன்றுதான். எனக்குச் சிரிப்பு முட்டியது. அண்ணி என் கையைக் கிள்ளினாள்.

ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். பின்னால் பொதுவாக ஒரு கிணறு, மாட்டுக் கொட்டகை, ஒரு பெரிய முருங்கை மரம். அவர்கள் ஆசாரமானவர்கள். எங்களை முற்றத்தைத் தாண்டி உள்ளே விட்டதில்லை. அவர்கள் அடுப்படியை நாங்கள் கண்ணால் கண்டதில்லை. வீட்டுக்கார அம்மாவின் மாமனார் மட்டும் சாயங்காலம் கிணற்றடிக்கு வந்து உட்காருவார். தலை பஞ்சாக நரைத்த கிழவர், ஆனால் தானே தண்ணீர் சேந்திக் குளிப்பார். "பார்த்தியா, சைவம் சாப்பிட்டா ஒடம்பு அப்படித்தான் இருக்கும்" என்பான் அண்ணன், என்னவோ தானே அவரை வளர்த்தவன் போல.

அவன் சொன்னது தப்பில்லை. ஆனால் அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அவன் ஒரு நாளும் கேட்கவில்லை. சைவக்காரர்கள் இப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று கல்யாணப் பந்திகளில் பார்த்ததை வைத்து அவனாகவே ஒரு சாப்பாடு வகுத்துக்கொண்டான். மில்லில் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு, சாம்பார், ரசம், அப்பளம், மோர். கருவாடு போனது, சரி. அதற்காக நாங்கள் யாரும் அழவில்லை. ஆனால் அதோடு கேப்பையும் போனது, கீரையும் போனது, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையை அவித்துத் தின்பதும் போனது. எல்லாம் அவனுக்குப் பட்டிக்காட்டுச் சாப்பாடு. அண்ணி தாய்வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த களி கிண்டும் துடுப்பைப் பரண்மேல் தூக்கிப் போட்டான்.

"ஏங்க, ஒரு நாளைக்குக் கொஞ்சம் களி கிண்டிக்கிறேனே. நாக்கு செத்துப் போச்சு" என்று அண்ணி கேட்டாள்.

"கிண்டுற சத்தம் அந்தாண்ட கேட்கும். கூலிக்காரங்கன்னு நெனச்சிக்குவாங்க. இருக்குற வூடும் போயிடும், அப்புறம் பேஜாரு."

சில சாயங்காலங்களில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேப்பை அடை சுடுகிற வாசனை வரும். முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டுச் சுடுகிற வாசனை எங்களுக்குத் தெரியாதா? அண்ணி கை வேலையை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சுவாள். "அது அவங்க வூட்டு வேலைக்காரம்மாவுக்கு" என்பான் அண்ணன். நாங்களும் நம்பினோம்.

சோறு வடித்த கஞ்சியையும் அரிசி களைந்த தண்ணீரையும் வீட்டுக்காரர் மாட்டுத் தொட்டியில் ஊற்றுவோம். காய்த்தோலும் அதற்குத்தான். முருங்கைக் கிளை காற்றில் முறிந்து விழுந்தால் இலையும் அதற்குத்தான். யோசித்துப் பார்த்தால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் சத்தானதைச் சாப்பிட்டது அந்த மாடு ஒன்றுதான்.

அண்ணி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தபோது வீடே பூரித்துப் போனது. நான்காவது மாதத்திலிருந்து அவளுக்கு ஒரு விசித்திரமான ஆசை. பலப்பம் தின்பாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், "இன்னா டீச்சரம்மா, எனக்கு இன்னா கொண்டாந்த?" என்று கையை நீட்டுவாள். நான் பையிலிருந்து சிலேட்டுப் பலப்பம் எடுத்துக் கொடுப்பேன். கறுக் கறுக்கென்று கடித்துத் தின்பாள். பலப்பம் இல்லாத நாளில் அடுப்புச் சாம்பல், இல்லாவிட்டால் ஊற வைத்த அரிசி. மசக்கை என்று சிரித்தோம். பிறக்கப் போகிற பிள்ளை சிலேட்டோடு பிறக்கும், டீச்சர் அத்தைக்கு வேலை மிச்சம் என்று நான் கேலி செய்தேன். அந்தக் கேலியை நினைத்தால் இப்போதும் என் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. வகுப்பில் நான் பிள்ளைகளுக்குக் கீரை தின்றால் ரத்தம் ஊறும் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

நாளாக ஆக அண்ணி வெளுத்துக்கொண்டே வந்தாள். "நம்ம வூட்டுச் சாப்பாடு ஒத்துக்கிச்சு பாரு, நெறம் வந்துடுச்சு" என்றான் அண்ணன். அவன் கெட்டவன் இல்லை. பெண்டாட்டிமேல் உயிரையே வைத்திருந்தான். அவள் சிவப்பாகிக்கொண்டு வருகிறாள் என்று அவன் நிஜமாகவே சந்தோஷப்பட்டான். அதை நினைத்தால்தான் இப்போது எனக்குத் தாங்கவில்லை. கிணற்றில் ஒரு வாளி சேந்தினால் அவளுக்கு மூச்சு வாங்கும். கால் இரண்டும் வீங்கின. பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் சகஜம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

எட்டாம் மாதம் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் அண்ணியின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். "என்னம்மா சாப்பிடுறே?" என்றார்.

"சோறு, சாம்பார், அப்பளம்..."

"கீரை? கேழ்வரகு?"

அண்ணி அண்ணனைப் பார்த்தாள்.

"நாங்க சுத்த சைவம் டாக்டர்" என்றான் அவன், பழக்க தோஷத்தில்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கீரை என்ன மீனா? சைவக்காரங்கதான்யா கீரையும் தானியமும் பருப்பும் நெறையச் சாப்பிடணும். இந்தப் பொண்ணு ஒடம்புல ரத்தமே இல்ல. பலப்பம், சாம்பல் எதுனா தின்னுச்சா?"

நான்தான் தலையாட்டினேன். டானிக் எழுதிக் கொடுத்தார், இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றார். மறுவாரமே அண்ணியைத் தாய்வீட்டுக்கு பஸ் ஏற்றினோம். "உங்கம்மாகிட்ட சொல்லி தினமும் களி கிண்டித் தின்னு" என்று அவனே பரண்மேல் ஏறித் துடுப்பை எடுத்து, தூசியைத் துடைத்து அவளிடம் கொடுத்தான். அண்ணி அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் பார்த்து வெகுநாளாகியிருந்தது. ஆனால் மாசக்கணக்கில் வற்றியதைச் சில வாரத்தில் நிரப்ப முடியுமா?

பிரசவம் விழுப்புரத்தில் நடந்தது. பெண் குழந்தை பிழைத்தது. உதிரம் நிற்காமல் போய் அண்ணி இறந்துவிட்டாள். கீரையும் கேப்பையும் தின்றிருந்தால் பிழைத்திருப்பாளா, எனக்குத் தெரியாது. நன்றாகத் தின்றவர்களும் அந்தக் காலத்தில் பிரசவத்தில் போயிருக்கிறார்கள். அப்படிச் சொல்லித்தான் என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். மனசு கேட்பதில்லை.

காரியமெல்லாம் முடிந்து, குழந்தையைக் கோலியனூரில் விட்டுவிட்டு, நானும் அண்ணனும் மட்டும் திண்டிவனத்துக்குத் திரும்பினோம். அடுப்புப் பற்ற வைக்க இருவருக்கும் கை வரவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கார அம்மா முற்றத்தைத் தாண்டி முதல் தடவையாக எங்கள் பக்கம் வந்தார். கையில் வாழை இலை போட்டு மூடிய ஒரு தட்டு.

"வெறும் வயித்தோட படுக்காதீங்க தம்பி. அவசரத்துக்கு எங்களுக்குச் சுட்டதத்தான் கொண்டாந்தேன்" என்றார்.

இலையை எடுத்தேன். முருங்கைக்கீரை போட்ட கேப்பை அடை.

அண்ணன் தட்டையே பார்த்தான். "இதெல்லாம் நீங்க... சாப்பிடுவீங்களாம்மா?"

"சாப்பிடாம? எங்க மாமனாருக்கு சாயந்தரத்துல இது இல்லன்னா ஆவாது. மரத்த வெச்சதே அதுக்குத்தானே." அந்த அம்மாவுக்குக் கண் கலங்கியது. "முழுகாம இருக்குற பொண்ணாச்சே, ரெண்டு அடை குடுத்தனுப்பட்டுமான்னு உங்கள கேட்டேனே தம்பி. நீங்கதான், அதெல்லாம் எங்க வூட்ல தொடமாட்டாங்கன்னுட்டீங்க."

அது எனக்குத் தெரியாது. அண்ணிக்கும் தெரியாது. வாசனை வந்தபோதெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாளே, அவளுக்கு அது கடைசிவரை தெரியாது.

அந்த அம்மா போன பிறகு அண்ணன் சுவரோரம் உட்கார்ந்தான். அடையைப் பிய்த்து வாயில் வைத்தான். இன்னொரு அடையை இலையில் சுற்றி, அண்ணி வழக்கமாக உட்காரும் அடுப்படி மூலையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, "இப்ப தின்னும்மா, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றான்.