மின்னல் டைப் செய்யாத பேச்சு

மின்னல் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிவிட்டது. அவளுடைய வலது கை ஆட்காட்டி விரல் மட்டும் இன்னும் வேலையில்தான் இருந்தது. யாராவது வேகமாகப் பேசினால் போதும், மடியின் மேல் அது பாட்டுக்குக் கோடு இழுக்க ஆரம்பித்துவிடும். "நான் பேசறதையும் கேஸ் கட்டுல சேத்துடாதடி" என்பார் கணவர். குடும்ப நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருடம் சுருக்கெழுத்து எடுத்தவள் அவள். வக்கீல் மூச்சு வாங்குவதற்குள் அவர் சொன்னதை எழுதி முடித்துப் பென்சிலைத் திருப்பிப் பிடித்திருப்பாள். அதனால்தான் மின்னல். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

ஒரு நாள் நீதிமன்றத்திலிருந்து போன் வந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "மேடம், உங்க பழைய நோட்டு ஒண்ணு இருக்கு. இங்க யாருக்கும் படிக்க வரல. வந்து படிச்சுத் தர முடியுமா?" என்றாள் பதிவாளர்.

வராதுதான். சுருக்கெழுத்தை எல்லோரும் ஒரே பாடத்தில் படித்தாலும் பத்து வருடத்தில் அவரவர் கிறுக்கல் அவரவருக்கு என்றாகிவிடும். மின்னலின் கோட்டைப் படிக்க உலகத்தில் மின்னலை விட்டால் ஆள் கிடையாது. இருக்கிற உடுப்பில் நல்லதாகப் பார்த்து உடுத்திக்கொண்டு கிளம்பினாள்.

அதே படிக்கட்டு, அதே பெஞ்சு. அந்தக் காலத்தில் அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் எல்லோரும் சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்து ஊர்க்கதை பேசுவார்கள். ரெக்கார்டு ரூம் வாசலில் கொஞ்சம் நின்றாள். எதைக் கேட்டாலும் "நாளைக்கு" என்றே சொல்லும் மனிதர் ஒருவர் அப்போது அங்கே வேலை பார்த்தார். அவருக்குப் பெயரே நாளைக்கு அண்ணன். பழைய நோட்டுகளை மூன்று வருடத்தில் கிழித்துப்போட வேண்டும் என்பது விதி. அண்ணன் அதையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார். போய்ச் சேர்ந்துவிட்டார், பாவம். அவர் சோம்பேறித்தனத்தில் ஒரு அலமாரி நோட்டுகள் பிழைத்துக் கிடந்தன.

பதிவாளர் விஷயத்தைச் சொன்னாள். சிறு வயதில் பெற்றவர்களிடமிருந்து பிரித்து விடுதிக்கு அனுப்பப்பட்டவர்கள், மூடிய அறை விசாரணையில் தங்களைப் பற்றி என்ன பேசப்பட்டது என்று இப்போது கேட்டுத் தெரிந்துகொள்ளலாமாம். புது விதி. மின்னல் காலத்தில் அந்த அறைக் கதவைத் தட்டக்கூட யாருக்கும் அனுமதி கிடையாது.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தேழு வயது. அவளுக்கு ஐந்து வயதில் நடந்த விசாரணை. கையில் உத்தரவு நகல் இருந்தது. "குழந்தையை ஒப்படைக்கத் தாய்க்கு ஆட்சேபம் இல்லை" என்ற வரியின் கீழ் பேனாக் கோடு.

"எங்கம்மா நிஜமாவே இப்படிச் சொன்னாங்களான்னு தெரியணும் மேடம். அவ்வளவுதான்."

மின்னல் நோட்டைத் திறந்தாள். பென்சில் கோடுகள் மங்காமல் இருந்தன. பழைய தோழி எதிரில் வந்து நின்ற மாதிரி சந்தோஷமாக இருந்தது. ஓரத்தில் "சாயங்காலம் பால் வாங்கணும்" என்றுகூட எழுதியிருந்தாள். சிரித்துக்கொண்டே படித்தாள். குழந்தைகள் நல அதிகாரியின் அறிக்கை, வீடு இல்லை, வேலை இல்லை. "உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்று ஜட்ஜ் கேட்கிறார். அடுத்து ஒரு சின்ன படுக்கைக் கோடு. பதில் இல்லை என்று அர்த்தம். பதில் இல்லாவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று டைப் செய்வது அங்கே வழக்கம். பிறகு ஜட்ஜ் உத்தரவு சொல்ல ஆரம்பிக்கிறார்.

அதற்கு நடுவே இரண்டு வரி இருந்தது. மின்னலின் சிரிப்பு நின்றுவிட்டது.

ஜட்ஜ் உத்தரவுக்கு வாயைத் திறந்துவிட்டால் அதன்பின் யார் பேசினாலும் அது கணக்கில் கிடையாது. யாரும் எழுதி வைத்த சட்டமல்ல, ஸ்டெனோக்களின் பழக்கம். அவள் கை மட்டும் காதில் விழுந்ததையெல்லாம் எடுத்துவிடும். டைப் அடிக்கும்போது விட்டுவிடுவாள். இதையும் விட்டிருந்தாள்.

"வேறொண்ணும் இல்லம்மா" என்று நோட்டை மூடினால் கேட்க நாதியில்லை. அந்தக் கோடு அவளைத் தவிர யாருக்கும் புரியாது. முப்பத்தொரு வருடம் சம்பாதித்த நல்ல பெயர் அப்படியே இருக்கும். அந்தப் பெண் இமைக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மின்னலுக்கு அவமானமாக இருந்தது.

"இன்னும் ரெண்டு வரி இருக்கும்மா" என்று சொல்லிப் படித்தாள். "'ஐயா, வேணாம்னு சொல்லலய்யா, பேச்சு வரல. மூணு மாசம் டைம் குடுங்க, ரூம் பாத்துடறேன். பிள்ளைய அனுப்பாதீங்கய்யா.' இது உங்கம்மா பேசினது. எழுதினது நான். டைப் பண்ணாம விட்டதும் நான்தான்."

அந்தப் பெண் உத்தரவு நகலை மடித்து மேசைமேல் வைத்தாள். பிறகு, "அம்மா இதையேதான் சொன்னாங்க. நான் இந்தக் காகிதத்த நீட்டி, பொய் சொல்லாதீங்கன்னு சொல்லிட்டு வந்தேன். அதுக்கப்புறம் நாலு வருஷமா அங்க போகல" என்றாள்.

"திருத்தின நகல் போட்டு சீல் வெச்சுத் தரோம்" என்றாள் பதிவாளர்.

"தாங்க. ஆனா காகிதத்தோட தனியா போக எனக்கு மூஞ்சி இல்ல. மேடம், நீங்க கூட வருவீங்களா?"

அன்று மாலையே போனார்கள். ஒற்றை அறை. கதவைத் திறந்த அம்மாவுக்கு முடி முழுக்க வெளுத்திருந்தது. மகளைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மின்னல் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தாமதித்தால் தைரியம் போய்விடும் என்று பயம்.

"அம்மா, அன்னிக்கு ரூமுல எழுதிட்டிருந்தவ நான்தான். நீங்க பேசினது என் காதுல விழுந்துச்சு. டைப் பண்ணாம விட்டுட்டேன். தப்பு என்னோடது."

அம்மா கோபப்படுவாள், கத்துவாள், கதவைச் சாத்துவாள் என்றெல்லாம் பஸ்ஸில் வரும்போதே மின்னல் நினைத்துப் பயந்திருந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ நான் வாய்விட்டுத்தான் சொன்னேனா? மனசுக்குள்ளயே சொல்லிக்கிட்டு, வெளிய சொன்னதா நினைச்சிட்டிருக்கேனோன்னு இத்தனை வருஷமா..."

"சொன்னீங்க" என்றாள் மின்னல். "நல்லா சத்தமாவே சொன்னீங்க."