சி போனால் டி இருக்கிறதே

பழுதான ஹார்ட் டிஸ்க்கோடு என் கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் பொய் சொல்வார்கள். கீழே போடவே இல்லை என்று சாதிப்பார்கள். லேப்டாப்பின் மூலை நசுங்கிக் கிடக்கும். எங்கள் தெரு வாசிப்பு அக்கா மட்டும் வந்ததுமே ஒப்புக்கொண்டார். "மேசையிலிருந்து விழுந்துடுச்சு தம்பி. ஓடிக்கிட்டிருக்கும்போதே."

டெலிபோன் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களைச் சத்தமாக வாசித்துப் பதிவு செய்வார். பெயர் வந்தது அதனால்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரலாறு முழுவதும் அந்த லேப்டாப்பில் இருந்தது. பிழை திருத்திவிட்டு மொத்தமாக அனுப்பலாமென்று வைத்திருந்தாராம். தேர்வுக்கு இன்னும் பதினோரு நாள்.

டிஸ்க்கைக் கழற்றி என் கணினியில் மாட்டினேன். டிக், டிக், டிக். கேட்கக் கூடாத சத்தம்; சட்டென்று ஸ்விட்சை அணைத்தேன். உள்ளே பளபளவென்று ஒரு தட்டு சுழலும். அதன்மேல், தலைமுடியைக்கூட நுழைக்க முடியாத இடைவெளியில், ஒரு முனை மிதந்தபடி எழுதும், படிக்கும். விழுந்த வேகத்தில் அந்த முனை தட்டையே சுரண்டிவிட்டிருந்தது.

"பயப்படாதே தம்பி," என்று எனக்கே ஆறுதல் சொன்னார் அக்கா. "சி டிரைவ்ல ஒண்ணு, டி டிரைவ்ல ஒண்ணுன்னு ரெண்டு காப்பி வச்சிருக்கேன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பேன். "அக்கா, சி-யும் டி-யும் ரெண்டு டிஸ்க் இல்ல. ஒரே வீட்டுல ரெண்டு ரூம். இப்ப வீடே இடிஞ்சுடுச்சு."

கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நானூத்தம்பது பக்கம்," என்றார் கடைசியில். "தினம் அம்பதுன்னா ஒம்பது நாள். புது டிஸ்க் ரெண்டு குடு. ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு உன் கடையில."

"தொண்டை கட்டிக்கும்க்கா."

"கட்டட்டும்."

கட்டிக்கொண்டது. நான்காம் நாளிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. குரலைப் பிள்ளைகளுக்காகச் சேர்த்து வைத்தார். எனக்கு எல்லாம் துண்டுச் சீட்டில்தான்.

ஒன்பதாம் நாள் வேலையை முடித்துவிட்டு வந்தார். கடைசிப் பாடத்தைப் போட்டுக் கேட்டேன். குரல் கரகரவென்றிருந்தது, ஆனால் ஒரு ஆண்டுகூடத் தப்பவில்லை.

"பிழை திருத்திட்டு எப்ப அனுப்பப் போறீங்க?" என்றேன்.

சீட்டில் எழுதி என் முன்னால் தள்ளினார்: "தப்பும் தவறுமா அன்னன்னைக்கே அனுப்பிட்டேன். பதினாலு பிள்ளைங்க, பதினாலு காப்பி. இது ஒரே வீடு இல்லையே?"