கோலப்பொடிக்குள் ஒரு கடல்

ஜூலை ஒன்பது, புதன்கிழமை, காலை பத்து இருபது. தூறல் விடவில்லை; கரியாஹாட் சந்திப்பில் கணுக்காலளவு தண்ணீர். அதில் நனைந்து ஆய்வகத்துக்குப் போனால், நாற்பத்தோரு வருடம் நுண்ணோக்கி பார்த்த என்னிடம் அங்கே பொறுப்பிலிருக்கும் பெண் சொல்கிறாள்: "அங்கிள், உங்க ரிப்போர்ட் நம்பற மாதிரி இல்ல."

கல்கத்தாவிலேயே பிறந்த தமிழ்ப்பெண். தமிழைவிட வங்காளம்தான் அவளுக்குச் சரளம்.

வேலை இதுதான். ஆழ்துளைக் கிணற்றில் எடுத்த களிமண்ணைப் பல்குத்தி நுனியளவு எடுத்து, ஒரு சொட்டு நீரில் கரைத்துக் கண்ணாடியில் தடவிக் காயவைத்துப் பசையிட்டு மூட வேண்டும். பழைய கடற்பாசிகளின் நுண்ணிய சுண்ணாம்புத் தட்டுகள் நுண்ணோக்கியில் தெரியும். ஒவ்வோர் இனமும் ஒரு காலத்தில் தோன்றி ஒரு காலத்தில் அற்றுப்போனது. எவை சேர்ந்து கிடக்கின்றன என்று பார்த்தால் அந்த அடுக்கின் வயது கிடைக்கும். ஓய்வுக்குப் பிறகும் எனக்கு இதைக் கொடுத்தார்கள். இருபத்து மூன்று மாதிரிகளை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தயாரித்து, ஒவ்வொன்றிலும் முந்நூறு தட்டுகள் எண்ணினேன். ஒவ்வொரு முந்நூற்றிலும் பத்துப் பன்னிரண்டு டைனோசர் காலத்தவை. மற்றவை வெகுகாலம் பிந்தியவை. பழைய பாறை எங்கோ அரிபட்டு வந்து கலந்திருக்கிறது என்று எழுதினேன். அடுத்த கிணற்று வேலையும் கிடைப்பது இந்த அறிக்கையைப் பொறுத்தது.

"இருபத்து மூணுலயும் ஒரே அளவா, அங்கிள்? மேலேருந்து கீழ வரைக்கும்?"

"ஆறு கொண்டுவந்து போட்டா நான் என்ன பண்றது?"

"ராக் கொர்பேன் நா. கோவிக்காதீங்க. மண்ணே போடாம வெறும் கண்ணாடி ஒண்ணு செஞ்சு பார்த்தீங்களா?"

"எனக்கே பாடமா? நீ பொறக்கறதுக்கு முன்னாடி..."

"அதான் கேக்கறேன். பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை.

அவளைப் பொய்யாக்கவே மறுநாள் காலை வெறும் நீரைத் தடவிக் காயவைத்து, என் பழைய நுண்ணோக்கியில் வைத்தேன். அதே பழைய தட்டுகள், ஒன்பது. தலையைத் தூக்கினேன். மேஜையிலிருந்து இரண்டடி தள்ளி, திறந்த வாசலில் மனைவி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். மின்விசிறிக் காற்றில் பொடி பறந்தது. ஒரு சிட்டிகை எடுத்து வைத்துப் பார்த்தேன். இடம் கொள்ளாமல் அதே தட்டுகள்.

"கல்லுப்பொடியிலயா கோலம் போடுவே? என் மானமே போச்சு!"

அவள் புள்ளியிலிருந்து கையெடுக்கவில்லை. "நான் அரிசி மாவுலதான் போட்டுக்கிட்டிருந்தேன். எறும்பு வருது, எறும்பு வருதுன்னு எண்ணி எண்ணி உசிரை வாங்கி, இந்த மூட்டையைத் தூக்கிட்டு வந்தது யாரு? எதிர்வீட்டு வங்காளி அண்ணியா?"

எறும்புகள் நூற்றுப் பதினான்கு. எண்ணியது நான். கரியாஹாட் தமிழ்க்கடையில் ஐந்து கிலோ வாங்கிச் சுமந்து வந்ததும் நான். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் என்று பையிலேயே அச்சடித்திருக்கிறது. டைனோசர் காலத்துக் கடலடி அது என்று பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும். கடைக்காரனைத் திட்டினேன், மின்விசிறியைத் திட்டினேன். பை என்னவோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அறிக்கையைத் திரும்ப வாங்கி, எல்லாவற்றையும் ஆய்வகத்தில் அந்தப் பெண்ணின் கண்ணெதிரே மறுபடி செய்தேன். பழைய தட்டு ஒன்றுகூட இல்லை. அடுக்குகளின் வயது நான் முதலில் சொன்னதுதான், இம்மியும் மாறவில்லை. அதை அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல், அடுத்த கிணற்றை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாள்.

கண்ணாடி, பசை, ஏழு நாள் ஆட்டோ: இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது. கோலப்பொடி: நூற்றைம்பது. கைவிட்டுப்போன கூலி: பதினெட்டாயிரம். ஆக மொத்தம் இருபதாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு ரூபாய்.